அந்தமான் பிரயாணிகளின் உரிமைகள்

2014-ஆம் ஆண்டு குடியரசு தினத்தன்று, அந்தமானில் போர்ட் பிளேருக்கு அருகே உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்து 21 பேர் மாண்டபோது, அவர்களில் பலர் காஞ்சிபுரத்திலிருந்து குடும்பத்தோடு சென்றவர்கள் என்ற செய்தி தமிழ்நாட்டைத் துயரில் ஆழ்த்திற்று. கொள்ளளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்ததாக அப்போதே தெரியவந்தது. இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியுள்ள அந்நகருக்குச் சென்னையிலிருந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் விமானம் போய்விடுவதால், அது அடுத்த ஊர்போலத் தோன்றுகிறது. ஆனால் அங்கிருந்து மேலும் கடல் தாண்டி ஹேவ்லாக், நீல் முதலிய தீவுகளுக்குச் சென்று தங்குபவர்களுக்கு, ஆபத்து நேருமாயின் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவதற்கும் கடலின் தயவு வேண்டும்.

ஆகையால் பிரயாணிக்குள்ள உரிமைகளில் முதன்மையானது, படகில் ஏற மறுக்கும் உரிமை என்றே நான் கருதுகிறேன். எத்தனை பேரை ஏற்ற அனுமதி உண்டு என்று படகுத்துறையிலேயே கேட்டு, ஏறியிருப்பவர்களை எண்ணிப் பார்ப்பதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை. உயிர்காப்பு அங்கியின் பட்டை அறுந்திருக்கிறதா, கொக்கி சரியாகப் பூட்டிக்கொள்கிறதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும். பெரியவர்களின் அங்கியைக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் விழுந்ததும் அது தலை வழியே கழன்றுவிடக்கூடுமாதலால், குழந்தைக்கென்று தனி அளவு கேட்டு வாங்க வேண்டும். கூட வந்தவர்கள் முகம் சுளிப்பார்களே என்ற சங்கோசத்தால்தான் நம்மவர் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அந்தச் சங்கோசத்தை விட்டொழிக்க வேண்டுமென்று இருகரம் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலை எச்சரிக்கைப் பலகையுள்ள கரையில் இறங்கலாகாது. 2010-இல் ஹேவ்லாக்கில் நீந்திக்கொண்டிருந்த அமெரிக்கப் பெண் ஒருவரை முதலை கொன்றது. ஸ்கூபா முறையில் ஆழ்கடலில் மூழ்கியவர்கள், கடைசியாக மூழ்கி எழுந்ததற்கும் விமானம் ஏறுவதற்கும் நடுவே ஒரு நாளேனும் இடைவெளி விட வேண்டும். இரத்தத்தில் கரைந்த வாயு, உயரத்தில் குமிழியாகி உயிருக்கே உலை வைத்துவிடும்.

பணத்தைப் பற்றிய விஷயமும் உண்டு. 2016 டிசம்பரில் புயற்சின்னத்தால் கப்பல்கள் நின்றுபோய், ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரயாணிகள் சிக்கிக்கொள்ள, கடற்படைக் கப்பல்கள் சென்று மீட்டு வந்தன. இத்தகைய சந்தர்ப்பத்தில் விமானத்தை ரத்துசெய்யும் நிறுவனம், வானிலையைக் காரணம் காட்டி நஷ்டஈடு தர மறுக்கலாம். மாற்று விமானமோ முழுக் கட்டணமோ தர மறுக்க இயலாது. விடுதிக்காரரும் சுற்றுலா ஏற்பாட்டாளரும் ரசீதில் அச்சிட்டுத் தரும் ‘பணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்ற வாசகம் வேதவாக்கன்று. நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளை எதிர்த்து மாநில நுகர்வோர் ஆணையத்தை அணுகுவதற்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழிசெய்திருக்கிறது.

உரிமை கோருகிறவர் அத்தீவுகளின் சட்டங்களையும் அறிந்திருப்பது அவசியம். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத்துண்டு செத்ததுதானே என்று பெட்டியில் வைத்துக்கொள்வது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பாராடாங் செல்லும் சாலையில் தென்படும் ஜாரவா பழங்குடி மக்களைப் படம்பிடிப்பதும், அவர்களுக்குத் தின்பண்டம் நீட்டுவதும் தண்டனைக்குரியவை. அதைவிட முக்கியமாக, வெளியுலகின் நோய்களுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒரு சிறு ஜனசமூகத்துக்கு இழைக்கும் தீங்கு அது.

ஏமாற்றப்பட்டவர் பரிகாரம் தேடிக் கடல் கடந்து போகவேண்டியதில்லை. திருநெல்வேலியில் வசிப்பவர் திருநெல்வேலி மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். வக்கீல் இல்லாமல் தாமே வாதாடலாம். செலுத்திய தொகை 5 லட்ச ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமும் கிடையாது. சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். அதற்கு முன்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தால், பல வழக்குகள் ஆணையத்துக்குப் போகாமலே தீர்ந்துவிடுவதுண்டு. ரசீது, வாக்குறுதி அளித்த வாட்ஸ்அப் செய்திகள், விளம்பரத்தில் காட்டிய அறையின் படம், நேரில் கிடைத்த அறையின் படம் ஆகியவற்றை ஊருக்குத் திரும்பிய பிறகும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.