மெழுகு ஒளித்து வைக்கும் சூடு

தீப்பெட்டி ஆபீசில் குச்சியை மருந்தில் முக்குறதுக்கு முன்னால் மெழுகில் முக்குவாங்க. நம்ம ஊர்ப் பக்கம் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்! அந்த மெழுகு உருகி முடிகிற வரை சூடு அவ்வளவாக ஏறாது. கொடுக்கிற வெப்பம் உருகுவதற்கே செலவாகும். இதுதான் உள்ளுறை வெப்பம். 1 கிலோ பாரஃபின் மெழுகு உருக சுமார் 200 கிலோஜூல் வேண்டும். அதைக் கொண்டு 1 கிலோ தண்ணீரை 48 டிகிரி சூடேற்றிவிடலாம். திரும்ப உறையும்போது மெழுகு அத்தனையையும் வெளியே விட்டுவிடும்.

ஆனால் மெழுகு வெப்பத்தைக் கடத்துவதில் ரொம்ப மந்தம். உருகினால் ஒழுகவும் செய்யும். அதனால் விரிவாக்கிய கிராஃபைட்டோடு (பென்சிலில் இருப்பதன் உறவுதான்) கலக்கிறார்கள். அதன் நுண்துளைகள் மெழுகைப் பிடித்துக்கொள்ளும், வெப்பமும் சீக்கிரம் பரவும்.

எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் உடம்பு சில்லிட்டே இறந்துபோவதுண்டு. அவர்களுக்காக 2011-ல் இந்தியாவில் வந்தது ‘எம்ப்ரேஸ்’ பை. உள்ளே மெழுகு மாதிரி ஒரு பொருள். ஒருமுறை சூடாக்கினால் போதும், கரண்ட் இல்லாமலே நாலு மணி நேரம் 37 டிகிரி, அம்மா உடம்புச் சூடு!