வறண்ட ஆற்றில் வரும் வெள்ளம்

பாலை என்றவுடன் தமிழ் பயின்றோர் நெஞ்சில் எழுவது நீரற்ற சுரமும் நா வறண்ட வழிப்போக்கனுமே. ஜோர்தான் நாட்டின் பாலைவனப் பள்ளத்தாக்குகளிலோ, பயணிகள் நீரின்மைக்கு அஞ்சுவதோடு நீருக்கும் அஞ்ச வேண்டும்.

தலைநகர் அம்மானிலிருந்து தெற்கே செல்லும் பழம்பெரும் பாதை 'அரசர் நெடுஞ்சாலை'. மேட்டுநிலத்தில் ஓடும் இச்சாலை, முஜிப் பள்ளத்தாக்கில் வளைந்து வளைந்து இறங்கி, மறுபுறம் ஏறி, கரக் கோட்டையைக் கடந்து, பெட்ராவை நோக்கிச் செல்கிறது. அதற்கும் தெற்கே, செம்மணலும் மணற்பாறைக் குன்றுகளும் சூழ்ந்த வாதி ரம். அங்கே ஜீப்பில் சுற்றிவந்து, பதவீன்களின் கூடாரங்களில் இரவு தங்குவோர் பலர். வெள்ளாட்டு மயிரால் நெய்த பழைய கூடாரத் துணி நனைந்ததும், இழைகள் பருத்து மழைநீரை உள்ளே விடாது, வியக்கத்தக்க நுட்பம்!

'வாதி' எனும் அரபுச் சொல் பள்ளத்தாக்கையும், மழை பெய்தால் மட்டும் நீரோடும் ஆற்றுப்படுகையையும் குறிக்கும். எச்சரிக்கை அப்பெயரிலேயே அடங்கியுள்ளது எனலாம். வெறும் பாறையும் இறுகிய மண்ணும் மழைநீரை உறிஞ்சுவதில்லை. தடுக்கச் செடிகொடிகளும் இல்லை. எங்கோ தொலைவிலுள்ள மலையில் பெய்த மழை முழுவதும் திரண்டு, குறுகிய பாறை இடுக்கினுள் பாய்கிறது. நிற்பவர் தலைக்குமேல் வானம் தெளிந்திருக்கும். வெள்ளமோ சில நிமிடங்களில் வந்துவிடும்.

பெட்ராவுக்குள் நுழையும் 'சீக்' என்னும் இடுக்கு ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளமுடையது. சில இடங்களில் மூன்று மீட்டர் அகலமே உண்டு. ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நபத்தேயர் அதன் வாயிலில் அணை கட்டி, பாறையைக் குடைந்து, வெள்ளத்தை வேறு வழியில் திருப்பினர். குடிநீருக்கோ பாறைச் சுவரிலேயே வாய்க்கால் வெட்டினர். வெள்ளத்தை விலக்கிக் குடிநீரை வரவேற்ற அவர்தம் பொறியியலை, அங்குள்ள சிற்ப முகப்புகளினும் மேலாக நான் மதிக்கிறேன். காலப்போக்கில் அவ்வணை பயனற்றுப் போயிற்று. 1963 ஏப்ரலில் சீக்கினுள் புகுந்த வெள்ளம் இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகளைக் கொண்டுசென்றது. அதன் பின்னரே அணை மீண்டும் எழுப்பப்பட்டது.

2018 அக்டோபர் 25 அன்று சாக்கடலருகே சுற்றுலா சென்ற பள்ளிப் பிள்ளைகள் வெள்ளத்தில் சிக்கினர். அன்று மாண்டோர் 21 பேர், பெரும்பாலோர் சிறார். கல்வி அமைச்சரும் சுற்றுலா அமைச்சரும் பதவி விலகினர். மாணவரை வெளியூர் அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கு இது வெறும் அயல்நாட்டுச் செய்தியன்று.

வாதியின் நடுவே பரந்திருக்கும் மென்மணல், கூடாரம் அடிக்க வாகாகத் தோன்றும். அவ்விடத்தையே தவிர்த்தல் வேண்டும். பாறைச் சுவரில் சுள்ளிகளும் சருகும் செருகியிருக்கும் உயரத்தைக் காண்க. முன்னை வெள்ளம் ஏறிய மட்டம் அதுவே. அதற்கு மேலே, வெளியேற வழியுள்ள மேட்டில் தங்குக. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, மேற்புறத்திலிருந்து இரைச்சல் கேட்டாலோ, பொருள்களை விட்டுவிட்டு உடனே மேடேற வேண்டும். வண்டியை எடுக்கப் படுகைக்குள் திரும்பலாகாது. மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை பெய்வதால், முஜிப்பின் நீர்வழி நடைப்பாதையைக் குளிர்காலத்தில் மூடிவிடுகின்றனர்.