முள் சொல்லும் சேதி

நோயாளியின் நாடியைப் பார்க்காமலேயே அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும் மருத்துவர் உண்டா? பழைய மகிழுந்துகளுக்கு அந்த நிலைமை அடிக்கடி நேர்கிறது.

அப்பாவின் புரோட்டோன் சாகா 1989-இல் வாங்கியது, என்னைவிட மூத்தது. சென்ற ஆண்டு அது நின்ற இடத்திலேயே நடுங்கத் தொடங்கியது. பிரேக்கும் கல்லாக இறுகியது. எஞ்சினைப் பிரித்து ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்றார் ஒரு பட்டறைக்காரர். அப்பா பணம் புரட்ட யோசித்துக்கொண்டிருந்தபோது, மாமா ஒரு வெற்றிட மானியைக் கொண்டு வந்தார்.

அது எதை அளக்கிறது? எஞ்சின் ஓடும்போது பிஸ்டன்கள் கீழிறங்கிக் காற்றை உறிஞ்சுகின்றன. எக்சலரேட்டரை மிதிக்காதபோது கார்புரேட்டரில் காற்று நுழையும் வழி ஏறக்குறைய மூடியே இருக்கும். அதனால் அதன் கீழுள்ள உள்வாங்கு குழாயில் காற்றழுத்தம் குறைகிறது. இதைத்தான் வெற்றிடம் என்கிறோம். எஞ்சின் சூடேறிய பிறகு, கியரை நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, அந்தக் குழாயில் மானியைப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

தாழ்வான ஊர்களில் நல்ல எஞ்சின் சும்மா ஓடும்போது முள் 17 முதல் 22 பாதரச அங்குலத்துக்குள் அசையாமல் நிற்கும். 1000 அடி ஏறினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். எனவே கேமரன் மலையில் 14 காட்டினால் பயப்பட வேண்டாம்.

முள் நிற்கும் இடத்தோடு அதன் அசைவையும் கவனியுங்கள். சீரான இடைவெளியில் சட்டென விழுந்து எழுந்தால், ஒரு வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம். வேகத்தைக் கூட்டி அப்படியே பிடித்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கினால், புகைக்குழாய் அடைத்திருக்கலாம். அசையாமல் தாழ்ந்து நின்றால், தீப்பொறி பிந்தி விழலாம். அல்லது எங்கோ காற்று கசியலாம்.

எங்கள் காரில் முள் 12-இல் அசையாமல் நின்றது. பிரேக் பூஸ்டரும் இதே வெற்றிடத்தால்தான் இயங்குகிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். அதற்குச் செல்லும் ரப்பர் குழாயை, எஞ்சினை ஒட்டிய இடத்தில், மாமா இடுக்கியால் நெரித்தார். முள் 18-க்கு ஏறியது, நடுக்கமும் நின்றது. குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு வெடிப்பு! புதுக் குழாய் மாட்டியதும் பிரேக்கும் பழையபடி இலகுவானது.

மானி சொல்வது இறுதித் தீர்ப்பு அன்று. வால்விலோ பிஸ்டன் வளையத்திலோ ஐயம் இருந்தால் கம்ப்ரஷன் சோதனையும் தேவை. ஆனால், உங்கள் வீட்டுப் பழைய காரின் எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்குமுன், “முள் எத்தனையில் நிற்கிறது?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள், நண்பர்களே.