அடுத்து எந்தக் கருவி?

நுழையும்முன்

கையில் இருக்கும் பணம் சிறிது. கடையில் இருக்கும் கருவிகளோ பல. எதை வாங்குவது? பெரிய பட்டறை வைத்திருப்பவர்க்கு மட்டும் உரிய கேள்வி அன்று இது. வீட்டின் ஒரு மூலையில் உளியும் சுத்தியலும் வைத்து மரவேலை பழகும் ஒவ்வொருவரும் இதனைச் சந்திப்பர். சிந்தித்து விடை காணும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

மலையும் மரமும்

தேனி மாவட்டத்தின் கம்பம் நகரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைச்சாலையில் ஏறினால் கம்பம்மெட்டை அடையலாம். அது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், உடும்பன்சோலை வட்டத்தில் அமைந்த எல்லை ஊர். சுற்றிலும் ஏலத்தோட்டங்கள். அத்தோட்டங்களில் வேலை செய்வதற்காகத் தமிழகத் தொழிலாளர் பலர் நாள்தோறும் ஜீப்புகளில் மலையேறி வருகின்றனர். பல குடும்பங்கள் மலையிலேயே தங்கி வாழ்கின்றன.

ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். ஆதலால் இம்மலையில் மரங்கள் மிகுதி. பலா உண்டு, மிளகுக்கொடி படரும் சில்வர் ஓக் உண்டு. சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டு, நம் மலைகளில் நிழலுக்காக நடப்பட்ட மரம். எனினும், ஏலமலைக் காட்டில் நிழல்மரங்களை உரிய அனுமதியின்றி வெட்டுதல் கூடாது. எனவே வீட்டில் மரவேலை செய்வோர்க்குப் பலகை மரவாடியிலிருந்து கிடைக்கும். அல்லது பழைய கதவு, சன்னல், பெட்டி ஆகியவற்றிலிருந்து கிடைக்கும்.

ஒரு குடும்பத்தின் கேள்வி

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தந்தையும் தாயும் ஏலத்தோட்டத்தில் வேலை செய்கின்றனர். மகள் எட்டாம் வகுப்பிலும் மகன் ஐந்தாம் வகுப்பிலும் படிக்கின்றனர். கம்பத்தில் தச்சராக இருந்த தாத்தாவின் கருவிப்பெட்டி அவ்வீட்டில் உள்ளது. ஒரு வாள், இரண்டு உளிகள், ஒரு சுத்தியல், ஒரு கொட்டாப்புளி, ஒரு மூலைமட்டம் ஆகியவை அதனுள் இருக்கின்றன. பிள்ளைகள் இருவரும் தரையில் அமர்ந்தே எழுதுகின்றனர். அவர்களுக்கு ஓர் எழுதுமேசை செய்துதர வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம்.

பழகிப் பார்ப்பதற்காகத் தந்தையும் மகளும் முதலில் ஒரு ஸ்டூல் செய்தனர். அது ஆடியது. ஒரு மாதம் சென்றதும் கால் ஒன்று கழன்றே போயிற்று. சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்த 2,000 ரூபாய் அவர்களிடம் இருந்தது. “மின்வாள் வாங்குவோம், அப்பா! வேலை விரைவில் முடியும்” என்றான் மகன். “பழைய பெட்டியை இரும்புக்கடையில் போட்டுவிட்டால் இன்னும் கொஞ்சம் பணம் சேரும்” என்று தந்தையும் எண்ணினார். தாய் மட்டும், “முதலில் அந்த ஸ்டூல் ஏன் ஆடியது என்று பார்ப்போம். காரணம் தெரியாமல் காசைப் போட்டால் மேசையும் ஆடும்” என்றார்.

தாய் சொன்னதே இப்பாடத்தின் கருத்து. எந்தக் கருவியை வாங்குவது என்பதை அதன் அழகோ விலையோ முடிவு செய்யக் கூடாது. நின்றுபோன வேலையே முடிவு செய்ய வேண்டும்.

வேலையின் ஐந்து படிகள்

மரவேலை எதுவாயினும் அதனை ஐந்து படிகளாகப் பிரிக்கலாம்.

1. அளந்து கோடிடுதல்: அளவுநாடா, மூலைமட்டம், எழுதுகோல்.
2. அறுத்தல்: வாள்.
3. இழைத்தல்: இழைப்புளி.
4. துளைத்தலும் செதுக்குதலும்: துளைக்கருவி, உளி, கொட்டாப்புளி.
5. பிணைத்தல்: பசை, ஆணி, இறுக்கிப் பிடிக்கும் கருவி.

வேலை கெட்டது எந்தப் படியில் என்று கண்டறிய வேண்டும். நான்காம் படியில் குறையிருக்க இரண்டாம் படிக்கு உரிய கருவியை வாங்கினால், பணம் தீரும், குறை தீராது. “ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பது பழமொழி. கருவிமேல் பழி போடுமுன், கருவி எந்நிலையில் உள்ளது என்றும், நம் கை எவ்வளவு பழகியுள்ளது என்றும் பார்ப்பது நலம்.

காசில்லாத சோதனைகள்

இருக்கும் கருவிகளைச் சோதிப்பதற்குச் செலவு இல்லை.

மூலைமட்டம் சரியாக இருக்கிறதா என்பதை அறிய, நேரான விளிம்புடைய பலகை ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். விளிம்பில் மட்டத்தை வைத்து ஒரு கோடு இட வேண்டும். பின்பு மட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து மீண்டும் ஒரு கோடு இட வேண்டும். இரு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால் மட்டம் சரி, விலகினால் பிழை. சட்டம் ஒன்று சதுரமாக அமைந்ததா என்பதை அறிய, அதன் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளக்க வேண்டும். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்து, மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால் மூலைகள் நான்கும் செங்கோணமே. கணக்குப் பாடத்தில் படித்தது பட்டறையிலும் பயன்படுகிறது அல்லவா?

உளியின் கூர்மையை வெளிச்சத்தில் காணலாம். விளிம்பை வெளிச்சத்திற்கு நேரே பிடித்தால், மழுங்கிய விளிம்பு வெள்ளைக்கோடு போல மின்னும். நன்கு தீட்டிய விளிம்பு மிக மெல்லியதாகையால் மின்னுவதில்லை. உளியின் விளிம்பை விரலால் தடவிச் சோதித்தல் ஆகாது.

நம் குடும்பத்தினர் இவ்வாறு சோதித்தனர். மூலைமட்டம் சரியாக இருந்தது. வாள் அறுத்த இடமும் நேராகவே இருந்தது. உளிகள் இரண்டும் மின்னின. தாத்தா காலமான பின் அவற்றை எவரும் தீட்டவில்லை. ஸ்டூலின் காலை உற்று நோக்கியபோது உண்மை விளங்கியது. காலின் முனையை நாக்குப் போலச் செதுக்கி, மேற்சட்டத்தின் துளையில் செருகியிருந்தனர். மழுங்கிய உளி மரநாரை வெட்டாமல் பிய்த்திருந்தது. அதனால் துளையின் சுவர் கரடுமுரடாகி, நாக்குத் தளர்ந்து நின்றது, பசையும் பிடிக்கவில்லை. குறை நான்காம் படியில் இருந்தது. மின்வாள் அக்குறையைத் தீர்க்காது.

முதலில் சாணைக்கல்

ஆகவே அவர்கள் முதலில் வாங்க வேண்டியது சாணைக்கல். ஒரு பக்கம் கரடாகவும் மறுபக்கம் நயமாகவும் அமைந்த கல்லே வீட்டுக்குப் போதும். கல்லை ஈரமாக்கி, உளியின் சாய்ந்த முகம் கல்லில் முழுவதும் படியுமாறு பிடித்துத் தேய்க்க வேண்டும். மரவேலை உளியின் சாய்வு பெரும்பாலும் 25 முதல் 30 பாகை வரை இருக்கும்; அச்சாய்வு மாறாமல் காத்தல் வேண்டும். முதலில் கரடான பக்கத்திலும் பின்னர் நயமான பக்கத்திலும் தீட்டினால், உளியின் தட்டையான பின்முகத்தில் மெல்லிய பிசிறு தோன்றும். பின்முகத்தைக் கல்லில் தட்டையாக வைத்து, அப்பிசிறை நீக்கினால் உளி கூர்மை பெறும்.

சாணைக்கல் எதையும் வெட்டாது, எதையும் அறுக்காது. அதனால் பலர் அதனைக் கருவியாகவே கருதுவதில்லை. ஆனால் வெட்டும் கருவிகள் எல்லாம் அதனை நம்பியே இருக்கின்றன. கடையில் வாங்கும் புதிய உளியையும் தீட்டிய பிறகே பயன்படுத்த வேண்டும். கூரான உளி சிறு விசைக்கே பணியும். மழுங்கிய உளியை அழுத்தித் தள்ள நேரிடும். அப்போதுதான் அது வழுக்கிக் கையைக் காயப்படுத்தும். பிள்ளைகள் உளியைத் தொடும்போது பெரியவர் அருகில் இருத்தல் வேண்டும். உளி செல்லும் திசையில் மற்றொரு கை இருத்தல் கூடாது.

அடுத்து இழைப்புளி

கல் வாங்கியபின் எஞ்சிய பணத்திற்கு என்ன வாங்குவது? இங்கு ஊரின் தட்பவெப்பமும் பேச வேண்டியதாகிறது. மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும்; உலர்ந்தால் சுருங்கும். பலகையின் நீளம் ஏறக்குறைய மாறுவதில்லை. அகலமே கூடிக் குறைகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் வெயிலில் உலர்ந்த பலகை, மழைக்காலத்தில் மேகம் தவழும் மலைமேல் வந்தால் பருக்கும். சூன், சூலை மாதங்களில் கதவும் இழுப்பறையும் இறுகிக்கொள்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள்.

இழுப்பறையின் விளிம்பைச் சீவுவதற்கும், பழைய பலகையின் கோணலை நீக்குவதற்கும், மேசைப்பலகைகளின் விளிம்புகளை இடைவெளியின்றிச் சேர்ப்பதற்கும் இழைப்புளி வேண்டும். தாத்தாவின் பெட்டியில் அது இல்லை. அதன் வேலையைச் செய்யக்கூடிய வேறு கருவியும் பெட்டியில் இல்லை. எனவே இரண்டாவதாக வாங்கத்தக்கது இழைப்புளியே. ஆனால் மழைக்காலத்தில் இறுகிய கதவை மிகுதியாக இழைத்துவிடக் கூடாது. கோடையில் மரம் சுருங்கும்போது இடைவெளி விழும்.

வாங்காமல் விடுவதும் ஒரு முடிவு

பசையிட்ட சட்டங்களை அது உலரும்வரை அசையாமல் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்கெனக் கிளாம்ப் என்னும் கருவி உண்டு. பல வேலைகளில் கயிற்றை இருமடியாகச் சுற்றி, நடுவே ஒரு குச்சியைச் செருகி முறுக்கினாலே அவ்வேலை நடக்கும்; ஆப்புகளும் உதவும். ஆகவே அதனை இப்போது வாங்க வேண்டியதில்லை.

மின்வாள் நல்ல கருவி. நாள்தோறும் பலகை அறுப்பவர்க்கு இன்றியமையாதது. ஆண்டில் இரண்டு மூன்று முறை மட்டும் அறுப்பவர், மரவாடியிலேயே அளவு சொல்லி அறுத்து வாங்கிக்கொள்ளலாம். மேலும், மின்வாள் வாங்குவோர் அதனோடு மாற்று வாள்தகடு, கண்ணாடி, முகக்கவசம் ஆகியவற்றுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். மரத்தூள் புற்றுநோயை உண்டாக்க வல்லது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியுள்ளது. தூள் பறக்கும் வேலை எதுவாயினும் முகக்கவசம் அணிதல் நன்று.

எனவே ஒரு கருவியை வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து:

• என் வேலை எந்தப் படியில் நின்றது?
• இருக்கும் கருவியைச் சீர்செய்தால் அக்குறை தீருமா?
• ஆண்டுக்கு எத்தனை முறை பயன்படுத்துவேன்? இரவல் கிடைக்குமா?
• இதனோடு சேர்த்து வேறு எவற்றை வாங்க நேரிடும்?
• இதனைப் பாதுகாப்பாகக் கையாளக் கற்றுள்ளேனா?

வாங்கிய கருவியைப் பேணுவதும் செலவைக் குறைக்கும். மலையின் ஈரக்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இட்டு வைத்தால் கருவி தலைமுறைகளைக் கடந்தும் உழைக்கும்.

இரு மொழியில் ஒரு கருவி

எல்லைக் கடைகளில் கருவி வாங்கச் செல்வோர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. உளி, வாள் ஆகிய சொற்கள் தமிழுக்கும் மலையாளத்திற்கும் பொதுவானவை. இழைப்புளியை மலையாளத்தில் ‘சிந்தேர்’ என்பர். சுத்தியலைச் ‘சுற்றிக’ என்பர். இரு மொழிப் பெயர்களையும் அறிந்த பிள்ளை, மலைக்கு மேலும் கீழும் தடையின்றிக் கருவி வாங்கலாம்.

கையில் இருக்கும் செல்வம்

நம் குடும்பத்தின் எழுதுமேசை இப்போது அசையாமல் நிற்கிறது. தாத்தாவின் பெட்டி இரும்புக்கடைக்குச் செல்லவில்லை. அதில் ஒரு சாணைக்கல்லும் ஓர் இழைப்புளியும் சேர்ந்துள்ளன.

புறநானூற்றின் 206-ஆம் பாடலில் ஔவையார் தம்மைப் போன்ற பரிசிலர்க்குத் தச்சனின் பிள்ளைகளை உவமையாகக் காட்டுகிறார். மரவேலையில் கைதேர்ந்த பிள்ளைகள் கோடரியோடு காட்டுக்குள் சென்றால், அவர்களுக்கு எப்பக்கமும் வேலை உண்டு. அதுபோலத் தமக்கும் எத்திசை சென்றாலும் உணவு உண்டு என்பது அவர் கருத்து. அவ்வுவமையில் பிள்ளைகளிடம் இருப்பது ஒரே ஒரு கருவி. துணையாக இருப்பது கைத்திறன். பிழைப்பு நாடி ஊர் விட்டு ஊர் வந்த நம் பெற்றோர்க்கு இக்கருத்து புதியதன்று. கருவியைக் கடையில் வாங்கலாம். கைத்திறனைப் பழகியே பெற வேண்டும்.

சொல்லும் பொருளும்

இழைப்புளி – மரப்பரப்பைச் சீவி மென்மையாக்கும் கருவி
கொட்டாப்புளி – உளியைத் தட்டப் பயன்படும் மரச்சுத்தி
மூலைமட்டம் – செங்கோணம் பார்க்கும் கருவி
சாணைக்கல் – கருவிகளைக் கூர்தீட்டும் கல்
மரவாடி – மரம் விற்கும் இடம்
பரிசிலர் – பரிசு பெற வரும் புலவர், கலைஞர்

மதிப்பீடு

குறுவினா
1. மழுங்கிய உளியை வெளிச்சத்தில் எவ்வாறு கண்டறியலாம்?
2. மழைக்காலத்தில் இழுப்பறை இறுகுவது ஏன்?

சிறுவினா
1. மூலைமட்டத்தைச் சோதிக்கும் முறையை எழுதுக.
2. சாணைக்கல்லை முதலில் வாங்க வேண்டியதன் காரணத்தை விளக்குக.

நெடுவினா
மின்வாள் வாங்க விரும்பிய மகனுக்குத் தாய் எடுத்துரைப்பதாக ஓர் உரையாடல் எழுதுக.

கற்பவை கற்றபின்
1. உங்கள் வீட்டிலுள்ள கருவிகளைப் பட்டியலிட்டு, எவற்றைச் சீர்செய்யலாம் எனக் குறிக்க.
2. உங்கள் பகுதித் தச்சர் ஒருவரிடம் கேட்டு, பத்துக் கருவிகளின் பெயர்களைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வருக.