பாமினியா, தமிழ்99-ஆ, அழகியா? கணினியில் தமிழ் அடிக்க எது வசதி, பழைய ஃபைல்களை மீட்பது எப்படி?

கல்யாணப் பத்திரிகைக்கான வாசகத்தை வாட்ஸ்அப்பில் தமிழிலேயே அடித்து அனுப்பிவிட்டு, "இதை அப்படியே காப்பி பண்ணிப் போட்டுடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். மயிலாப்பூர் லஸ் பக்கமோ, தி.நகர் பனகல் பார்க் பக்கமோ உள்ள பல டிடிபி கடைகளில், "இது அந்த சாஃப்ட்வேர்ல ஏறாது சார், மறுபடி அடிச்சுத்தான் ஆகணும்" என்ற பதில்தான் வரும்.

இதே சிக்கல் வீட்டிலும் உண்டு. பதினைந்து வருடங்களுக்கு முன் அப்பா அடித்து வைத்த கட்டுரையைப் புதிய லேப்டாப்பில் திறந்தால், தமிழுக்குப் பதிலாகச் சம்பந்தமே இல்லாத ஆங்கில எழுத்துகள் வரிசைகட்டி நிற்கும். ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அழித்துவிடுபவர்கள் பலர். உண்மையில் அது கெடவில்லை, மீட்க முடியும். அதற்கு முன், ஏன் இப்படி ஆகிறது என்று பார்க்கலாம்.

பழைய ஃபான்ட்களில் என்ன பிரச்சினை?

தமிழில் 247 எழுத்துகள். ஆனால் பழைய கணினிகளில் ஒரு ஃபான்ட்டுக்குக் கிடைத்த மொத்த இடம் 256. அதிலும் பாதி இடம் ஆங்கில எழுத்துகள், எண்கள், குறியீடுகளுக்குப் போய்விட்டது. அதனால் ஃபான்ட் தயாரித்தவர்கள் ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள். ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்துவிட்டார்கள்.

உதாரணத்துக்கு, பாமினி ஃபான்ட்டில் நீங்கள் 'அம்மா' என்று அடித்தால், கணினி தன் நினைவில் வைத்துக்கொள்வது 'எம், கே, செமிகோலன், கே, ஹெச்' என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளைத்தான். பாமினி ஃபான்ட் இருக்கும்வரை திரையில் அம்மா தெரிவாள். ஃபான்ட் இல்லாத கணினியில் அந்த ஐந்து குறிகள் மட்டுமே தெரியும்.

பாமினிக்கு ஒரு வரிசை, அரசு அலுவலகங்களில் பழகிய வானவில் அவ்வையாருக்கு வேறொரு வரிசை, ஸ்ரீலிபிக்கு இன்னொன்று. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க டிஸ்கி, டாம், டாப் என்று பொதுக் குறியீடுகள் வந்தன. அதன் பிறகும் ஒருவர் ஃபைல் இன்னொருவர் கணினியில் திறக்காத நிலை முழுதாகத் தீரவில்லை.

யூனிகோட் எப்படி இதைத் தீர்த்தது?

உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கும் பொதுக் குறியீடு இது. இதில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி உண்டு. 'அ' என்றால் எந்தக் கணினியிலும், எந்த ஃபான்ட்டிலும் 'அ'தான். விண்டோஸ் 2000-ல் இருந்தே விண்டோஸில் யூனிகோட் தமிழ் இருக்கிறது. 2010-ல் கோவை செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், தமிழ்நாடு அரசும் யூனிகோடையும் டேஸ்16 என்ற குறியீட்டையும் அதிகாரபூர்வமாக ஏற்றது.

கூகுளில் தேட, ஜிமெயிலில் அனுப்ப, வாட்ஸ்அப்பில் பகிர எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை. பார்வையற்றவர்களுக்கு இது இன்னும் முக்கியம். என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் யூனிகோட் தமிழைத் தமிழாகவே வாசித்துக் காட்டும். பழைய ஃபான்ட்டில் உள்ள அறிவிப்பையோ பாடத்தையோ கொடுத்தால் 'எம், கே' என்றுதான் உளறும். பார்க்கிறவருக்கு வெறும் அசௌகரியம். கேட்டுப் படிப்பவருக்கோ அந்தப் பக்கமே இல்லை.

அப்படியென்றால் டிடிபி கடைகள் ஏன் மாறவில்லை?

முக்கியக் காரணம் பேஜ்மேக்கர். 1985-ல் ஆல்டஸ் நிறுவனம் கொண்டுவந்த இந்த மென்பொருள் பிறகு அடோபியிடம் போனது. கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல். அதற்கு யூனிகோட் தமிழ் தெரியாது. ஆனால் பழைய கணினியிலும் வேகமாக ஓடும், ஆபரேட்டருக்குக் கை பழகியிருக்கும், பத்திரிகைக்கு ஏற்ற அலங்கார ஃபான்ட்கள் பழைய முறையில்தான் குவிந்து கிடக்கின்றன. ஆகவே அவர்கள் மறுப்பது சோம்பேறித்தனத்தால் அல்ல.

ஆனால் ஆபத்து இருக்கிறது. பேஜ்மேக்கர் ஃபைல்களை இன்டிசைன் மென்பொருளின் சிஎஸ்6 வரையிலான பதிப்புகளே திறக்கும். அதற்குப் பின் வந்தவை திறக்காது. பழைய கணினி படுத்துவிட்டால், அதிலிருக்கும் புத்தகங்களும் சேர்ந்தே படுத்துவிடும். மயிலாப்பூரும் தி.நகரும் பதிப்பகங்கள் நிறைந்த பகுதிகள். சொந்தச் செலவில் நூல் போட்ட பல எழுத்தாளர்களின் ஒரே பிரதி இப்படி யாரோ ஒருவருடைய ஹார்டு டிஸ்க்கில்தான் இருக்கும்.

இன்று தமிழ் அடிக்க எது வசதி?

இது நீங்கள் யார் என்பதைப் பொறுத்தது.

*டைப்ரைட்டிங் படித்தவர்கள்:* அரசுத் தேர்வுக்காகத் தமிழ்த் தட்டச்சு படித்தவர்கள் பழக்கத்தை விட வேண்டியதில்லை. என்எச்எம் ரைட்டரில் பழைய தட்டச்சு, பாமினி ஆகிய விசைப்பலகைகள் உண்டு. விரல் பழைய இடத்திலேயே போகும், திரையில் விழுவது யூனிகோடாக இருக்கும். சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா இதை இலவசமாக வெளியிட்டது.

*ஆங்கிலத்தில் யோசித்து அடிப்பவர்கள்:* 'ஏ, எம், எம், ஏ, ஏ' என்று அடித்தால் 'அம்மா' வரும் ஒலிபெயர்ப்பு முறை இவர்களுக்கு. சென்னையைச் சேர்ந்த பி.விஸ்வநாதன் 2000-ல் வெளியிட்ட 'அழகி', 'தமிழா' குழுவின் 'இ-கலப்பை', மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'முரசு அஞ்சல்' எல்லாம் இந்த வழியில் பிரபலமானவை. கற்க ஐந்து நிமிடம் போதும்.

*நிறைய எழுதுபவர்கள்:* தமிழ்99. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டைத் தொடர்ந்து அரசு ஏற்ற விசைப்பலகை இது. இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். அதனால் 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் தடுமாறும், பழகிவிட்டால் வேகம்.

*அடிக்கவே பிடிக்காதவர்கள்:* கூகுள் டாக்ஸில் குரல்வழித் தட்டச்சு இருக்கிறது. குரோமில் திறந்து, மொழியைத் தமிழாக மாற்றிப் பேசினால் போதும். நிறுத்தற்குறிகளையும் ல, ள, ழ பிழைகளையும் பிறகு நீங்கள்தான் திருத்த வேண்டும்.

தனியாக எதையும் நிறுவ விருப்பமில்லையா? விண்டோஸ் 11-ல் மொழி அமைப்புக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால், தமிழ்99, போனடிக் இரண்டும் அங்கேயே கிடைக்கும். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தி மொழி மாற்றலாம். மேக்கில் அஞ்சல், தமிழ்99 இரண்டும் உள்ளேயே இருக்கின்றன.

பழைய ஃபைலை மீட்பது எப்படி?

1. முதலில் ஒரு காப்பி எடுங்கள். மூல ஃபைலில் கை வைக்காதீர்கள்.

2. ஃபைலை வேர்டில் திறந்து, எழுத்தைத் தேர்வுசெய்து, ஃபான்ட் பெயரைப் பாருங்கள். பாமினியா, வானவில்லா என்பது அங்கே தெரியும். இது தெரியாமல் மாற்றினால் குப்பைதான் வரும்.

3. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் அந்த ஃபான்ட்டைத் தேர்ந்தெடுத்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். உயில், பத்திரம் மாதிரியான ஆவணங்களை முகம் தெரியாத இணையதளங்களில் ஒட்டாமல், கணினியிலேயே இயங்கும் மாற்றியைப் பயன்படுத்துவது நல்லது.

4. கட்டாயம் ஒருமுறை படித்துப் பாருங்கள். இடையில் இருந்த ஆங்கிலச் சொற்கள் தமிழ்க் கிறுக்கலாக மாறியிருக்கும். பாமினியில் காற்புள்ளி விசைதான் 'இ'. ஆகவே காற்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் 'சென்னைஇ மதுரைஇ கோவை' என்று வரலாம்.

5. அச்சுப் பிரதி மட்டும்தான் மிச்சமா? ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும். பிழை திருத்த நேரம் ஒதுக்குங்கள்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இதற்கு நல்ல முன்னுதாரணம். சங்க இலக்கியம் முதல் நவீன நூல்கள் வரை தன்னார்வலர்கள் அடித்துச் சேர்த்ததை முதலில் டிஸ்கியில் வெளியிட்டார்கள், பிறகு யூனிகோடுக்கு மாற்றினார்கள். அதனால்தான் அவை இன்று மொபைலில்கூடத் திறக்கின்றன.

புதிதாகப் புத்தகமோ மலரோ போடுபவர்கள் டிடிபி கடையிடம் பிடிஎஃப் மட்டும் வாங்காமல், யூனிகோட் எழுத்தையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். இன்டிசைனில் வேலை நடந்தால், 'வேர்ல்டு ரெடி' கம்போசரைத் தேர்வுசெய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். தமிழ் ஃபான்ட்களும் விசைப்பலகை மென்பொருள்களும் கோட்டூரில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.