‘ஒட்டாதீர்’ என்ற சுவரும் இரண்டு கலைப்பள்ளி மாணவர்களும்

நகரத் தெருக்களில் காணப்படும் எழுத்துகளில் பெரும்பாலானவை, ஏதோ ஓர் இடத்துக்குப் போய்க்கொண்டிருப்பவரை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. தெருப்பெயர்ப் பலகை, வீட்டு எண், பேருந்தின் நெற்றியில் உள்ள ஊர்ப்பெயர், ‘உள்ளே வராதீர்’ என்ற எச்சரிக்கை, கடைக்கு அழைக்கும் விளம்பரத் தட்டி ஆகிய அனைத்தும், படிப்பவருக்கு ஒரு போக்கிடமும் அங்கே முடிக்க வேண்டிய ஒரு காரியமும் இருப்பதாகக் கருதிக்கொள்கின்றன. போக்கிடம் எதுவும் இல்லாமல் நடப்பவருக்கோ இதே எழுத்துகள் வேறு விதமாகத் தெரிகின்றன. அம்புக்குறி காட்டும் திசையில் போகாமல் அம்புக்குறியையே நின்று பார்க்கவும், அதன் சாயம் எங்கே உரிந்திருக்கிறது, அதன்மேல் யார் எதை ஒட்டியிருக்கிறார்கள் என்று கவனிக்கவும் அவருக்கு நேரம் இருக்கிறது.

இந்தப் பார்வையை ஒரு காட்சிக்கூடத்துக்குள் கொண்டுவர முனையும் கலைக்கல்லூரி மாணவர் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது ‘இன்ஸ்டலேஷன்’ எனப்படும் நிறுவல் கலை வடிவத்தையே. ஒரு படத்தைச் சுவரில் மாட்டுவதற்கும் ஒரு சிற்பத்தைப் பீடத்தில் வைப்பதற்கும் மாறாக, ஓர் அறையையோ இடத்தையோ முழுமையாக ஒழுங்கமைத்து, பார்வையாளரை அதற்குள் நடக்கவைக்கும் முறைக்கு இப்பெயர் வழங்குகிறது. நடத்தலையே பொருளாகக் கொண்ட படைப்புக்கு இது இயல்பாகப் பொருந்துவதுபோல் தோன்றினாலும், சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. ஏனெனில் அலைதல் என்பது நேரத்தில் நிகழ்ந்து முடிந்துவிடுவது, அறைக்குள் கொண்டுவரத்தக்கது அதன் தடயம் மட்டுமே. எடுத்த ஒளிப்படங்களை வரிசையாக ஒட்டுவதும், வரைபடத்தில் நூல் கட்டிச் சென்ற வழியைக் காட்டுவதும், பலகைகளைப் போலிசெய்து தொங்கவிடுவதும் பலரும் கைக்கொள்ளும் தீர்வுகள் என்றாலும், அவற்றுள் பல பயண அறிக்கையின் அளவிலேயே நின்றுவிடுகின்றன. இச்சிக்கலை வேறொரு முனையிலிருந்து அணுகிய இருவரின் வரலாறு, இன்றைய மாணவருக்கும் பயன்படும் அளவுக்குத் தெளிவானது.

ரெய்மோன் ஹேன்ஸ், ழாக் வில்க்ளே ஆகிய இருவரும் 1926ஆம் ஆண்டு பிரான்சின் பிரித்தானி வட்டாரத்தில் பிறந்தவர்கள். 1945இல் ரென் நகரின் நுண்கலைப் பள்ளியில் மாணவர்களாகச் சந்தித்துக்கொண்டார்கள். சிற்பம் பயில வந்த ஹேன்ஸ் சில மாதங்களிலேயே பள்ளியை விட்டுப் பாரிசுக்குச் சென்று ஒளிப்படத்தில் ஈடுபட, வில்க்ளே நாந்த் நகரில் கட்டடக்கலை படிக்கச் சென்றார். 1947ஆம் ஆண்டு ஆகஸ்டில், போரில் நொறுங்கிய சேன்-மாலோ துறைமுக நகரின் கடற்கரையோரம், இடிபாடுகளுக்கிடையே முறுக்கிக் கிடந்த எஃகுக் கம்பிகளை எடுத்து, அவற்றைப் பெரிதாக மாற்றாமல் சிற்பமாக முன்வைத்தபோது, கண்டெடுத்த தெருவின் பெயரையும் மாதத்தையும் ஆண்டையும் அதன் தலைப்பிலேயே வில்க்ளே சேர்த்துக்கொண்டார். பிற்காலத்தில் அவருடைய படைப்புகள் அனைத்துக்கும் அடிப்படையாக அமைந்த வழக்கம், அதாவது பொருளோடு அதன் முகவரியையும் எடுத்துவருவது, இருபத்தொரு வயது மாணவரின் இந்த முதல் முயற்சியிலேயே காணக்கிடைக்கிறது.

1949ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாரிசின் மொம்பர்னாஸ் பகுதியில் இருவரும் சேர்ந்து சுவரொட்டிகளின் ஒரு திரளைச் சுவரிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டு, மழையிலும் வழிப்போக்கர் கைகளிலும் கிழிந்து கிடந்த அந்த இசைக் கச்சேரி விளம்பரங்களில் எந்தச் சொல்லும் முழுதாக எஞ்சியிருக்கவில்லை. எஞ்சிய எழுத்துகளை வாசித்தபடியே ‘ஆஷ் அல்மா மனேத்ரோ’ என்று பொருளற்ற ஒரு பெயரை அதற்கு வைத்தார்கள். இரண்டரை மீட்டருக்கும் சற்றுக் கூடுதலான நீளத்தில் கிடையாக விரியும் இப்படைப்பு இன்று பாரிசின் பொம்பிது மையத்தில் உள்ளது. தேதி, நேரம், அரங்கின் பெயர் ஆகியவற்றை அறிவிப்பதற்காக அச்சிடப்பட்ட எழுத்து, அந்த வேலையிலிருந்து விடுபட்ட பிறகு வடிவமாகவும் நிறமாகவும் தெரிவதை அதில் காணலாம். ஹேன்சுக்கு இது புதிய நாட்டமும் அன்று. வரிவரியான பள்ளங்களைக் கொண்ட கண்ணாடியை ஒளிப்படக் கருவியின் முன் பொருத்தி உருவங்களையும் எழுத்துகளையும் சிதைத்துப் பார்த்தவர் அவர். கருவியைக்கொண்டு தாம் செய்ததைத் தெரு தானாகவே செய்து வைத்திருப்பதைச் சுவரில் கண்டுகொண்டார் என்று கூறுவது தவறாகாது.

இந்தச் சுவர்களுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. 1881ஆம் ஆண்டு ஜூலை 29 அன்று இயற்றப்பட்டதும், பிரான்சில் பத்திரிகைச் சுதந்திரத்துக்கு அடித்தளமாகக் கருதப்படுவதுமான அச்சட்டம், சுவரொட்டிகளைப் பற்றியும் சில விதிகளை வகுத்தது. அரசு அறிவிப்புகளுக்கென்று தனி இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும், அவ்விடங்களில் தனியார் எதையும் ஒட்டக்கூடாது, அரசு அறிவிப்புகள் மட்டுமே வெள்ளைத்தாளில் அச்சிடப்படலாம், அவற்றைக் கிழிப்பவருக்குத் தண்டம் உண்டு என்பன அவ்விதிகள். பாரிசின் சுவர்களில் ‘விளம்பரம் ஒட்டத் தடை, 1881 ஜூலை 29 சட்டம்’ என்ற வாசகம் பெரிய எழுத்தில் தீட்டப்பட்டிருப்பதை இன்றும் பார்க்கலாம். ‘விளம்பரம் செய்யாதீர்’ என்ற எச்சரிக்கையின்மேலேயே விளம்பரம் ஒட்டப்பட்டிருக்கும் சுவர்களைக் கண்டு பழகிய தமிழ் வாசகருக்கு இதன் சுவை எளிதில் விளங்கும். ஹேன்சும் வில்க்ளேயும் 1957இல் கொலெத் அலாந்தி காட்சிக்கூடத்தில் தங்கள் கிழிந்த சுவரொட்டிகளை முதன்முறையாகக் காட்சிக்கு வைத்தபோது, அந்தச் சட்டத்தின் தேதியையே கண்காட்சிக்குத் தலைப்பாக்கினார்கள். ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டப்பட்டு, யாரோ கிழித்ததை, இருவர் பெயர்த்தெடுத்துவந்து மீண்டும் ஒரு சுவரில் மாட்டியிருக்கிறார்கள் என்னும் நிலையில், குற்றவாளி யார், கலைஞர் யார் என்ற கேள்விக்கு அந்தத் தலைப்பு விடை சொல்லவில்லை. விடை சொல்லாமல் விட்டதே அதன் நயம்.

1959இல் நடந்த முதல் பாரிஸ் ஈராண்டுக் கலைவிழாவில் (‘பியென்னாலே’ எனப்படுவது) ஹேன்ஸ் ஒரு படி மேலே சென்றார். கட்டட வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி அடிக்கப்படும் பலகைத் தடுப்பு ஒன்றை, அதில் ஒட்டிக்கொண்டிருந்த காகிதக் கிழிசல்களோடு அப்படியே கொண்டுவந்து நிறுத்தினார். ‘ஒதுக்கப்பட்ட இடங்களின் தடுப்பு’ என்ற அதன் பெயரும் சட்டத்தின் மொழியையே நினைவூட்டியது. பார்க்க வந்தவர்களில் பலர் இதை ஏளனமாகவே எடுத்துக்கொண்டார்கள். நிறுவல் கலை என்ற பெயர் பரவலாவதற்கு முன்பே செய்யப்பட்ட இப்படைப்பு, அந்த வடிவத்தின் முன்னோடிகளில் ஒன்றாக எண்ணத்தக்கது. படம் என்று அதுவரை அழைக்கப்பட்டதைத் தாங்கி நின்ற மரத்தையும் சேர்த்துக் கொண்டுவந்ததன் மூலம், எதை எடுப்பது என்பதோடு எவ்வளவு எடுப்பது என்பதும் கலைஞரின் முடிவே என்பதை அது காட்டியது.

இந்த ‘எவ்வளவு’ என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை கண்டார்கள். இவர்களோடு இணைந்த பிரான்சுவா துஃப்ரேன், சுவரொட்டித் திரளைத் திருப்பிப்போட்டு, பசையும் ஈரமும் ஊறிய அதன் பின்புறத்தில் தலைகீழாகத் தேய்ந்து தெரியும் எழுத்துகளைக் காட்டினார். உரோமில் தனியாக இதே வழியில் இயங்கிய மிம்மோ ரொத்தெல்லா, வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு தம் கையாலும் மேலும் கிழித்தார். வில்க்ளே அதற்கு உடன்படவில்லை; கிழித்தவர் யாரோ ஒரு வழிப்போக்கர், தம் வேலை கண்டெடுப்பதும் எல்லை வகுப்பதும் மட்டுமே என்ற நிலையில் உறுதியாக நின்று, அந்தப் பெயர் தெரியாத கிழிப்பாளரையே படைப்பாளியாக 1959இல் முன்னிறுத்தினார். தம் படைப்புகளுக்குப் பெரும்பாலும் தெருவின் பெயரையும் தேதியையும் அவர் தலைப்பாக இட்டதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள 1968ஆம் ஆண்டுப் படைப்பின் பெயர் ‘122, தாம்ப்ள் தெரு’ என்பதே. அவருடைய படைப்புப் பட்டியலைத் தொடர்ந்து வாசிப்பவருக்கு, அரை நூற்றாண்டு காலம் ஒருவர் ஒரு நகரத்தில் நடந்த வழி தெரிந்துவிடுகிறது. வரைபடத்தில் நூல் கட்டுவதைவிட இது நேர்த்தியான தீர்வு.

அதே ஆண்டுகளில் அதே நகரத்தில் அலைதலை ஒரு கோட்பாடாகவே வகுத்தவர் கி தெபோர். ஒருவரோ சிலரோ குறிப்பிட்ட நேரத்துக்குத் தங்கள் வேலை, உறவு, பொழுதுபோக்கு ஆகிய வழக்கமான காரணங்களை ஒதுக்கிவைத்து, நிலப்பரப்பின் ஈர்ப்புக்கும் எதிர்ப்படும் சந்திப்புக்கும் தம்மை ஒப்புக்கொடுத்து நகரத்தைக் கடப்பதை, 1956இல் வெளிவந்த கட்டுரையில் அவர் ‘தெரீவ்’ என்ற பெயரால் விளக்கினார். இடங்கள் மனநிலையின்மீது செலுத்தும் தாக்கத்தை ஆராய்வது உளப்புவியியல் எனப்பட்டது. அக்கட்டுரையில் சமூகவியலாளர் ஷொம்பார் தெ லோவ் 1952இல் வெளியிட்ட வரைபடம் ஒன்றை அவர் சுட்டுகிறார். பாரிசின் 16ஆம் வட்டாரத்தில் வாழ்ந்த ஒரு மாணவி ஓராண்டில் சென்ற வழிகள் அனைத்தையும் கோடுகளாக வரைந்த அந்தப் படத்தில், வீடு, கல்லூரி, பியானோ ஆசிரியரின் இல்லம் என்ற மூன்று புள்ளிகளுக்கிடையே ஒரு சிறிய முக்கோணம் மட்டுமே கருமையாகத் தெரிகிறது. பெருநகரத்தில் வாழ்பவர் உண்மையில் வாழும் நகரம் எவ்வளவு சிறியது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. 1957இல் தெபோர் வெளியிட்ட ‘நிர்வாண நகரம்’ என்ற வரைபடமோ, அச்சிட்ட பாரிஸ் வரைபடத்திலிருந்து வெட்டிய 19 துண்டுகளை வெற்றுத்தாளில் சிதறவைத்து, சிவப்பு அம்புக்குறிகளால் இணைத்தது. பாரிசில் வழி கண்டுபிடிப்பது கடினமே இல்லை என்பதை நினைவிற்கொண்டால்தான் இந்தச் செயலின் பொருள் விளங்கும்: 1805ஆம் ஆண்டு ஆணைப்படி, ஆற்றுக்குக் குறுக்கான தெருக்களில் வீட்டெண்கள் சேன் நதியிலிருந்து தொடங்குகின்றன, ஆற்றோடு இணைந்து செல்லும் தெருக்களில் நீரோட்டத்தின் திசையில் ஏறுகின்றன, ஒற்றையெண் இடப்புறமும் இரட்டையெண் வலப்புறமும் அமைகின்றன. எண்ணைப் பார்த்தே ஆறு எந்தப் பக்கம் என்று ஊகிக்க முடிகிற நகரத்தில் வழி தவறுவதற்கு முயற்சி தேவைப்பட்டது.

ஆயினும் தெபோரின் கோட்பாடு, யார் வேண்டுமானாலும் அலையலாம் என்று எண்ணிக்கொண்டது. அந்த எண்ணம் அவருடைய குழுவுக்குள்ளேயே பொய்த்தது. அக்குழுவில் இருந்த அப்துல் ஹஃபீஸ் கத்தீப் என்ற அல்ஜீரியர், பாரிசின் பழைய மொத்தச் சந்தைப் பகுதியான லே ஆல் பற்றிய உளப்புவியியல் விவரிப்பை 1958இல் எழுதத் தொடங்கினார். இரவில் விழித்திருக்கும் அந்தச் சந்தையை இரவில் பார்த்தால்தான் எழுத முடியும். அல்ஜீரியப் போரின் காரணமாக அவ்வாண்டு செப்டம்பரிலிருந்து வடஆப்பிரிக்கர்கள் இரவில் பாரிஸ் தெருக்களில் நடமாடத் தடை இருந்ததால், அவர் இருமுறை பிடிபட்டார். விவரிப்பு அரைகுறையாகவே அச்சேறியது. எந்தப் பலகையிலும் எழுதப்படாத ஒரு தடை, அவருக்கு மட்டும் எல்லாத் தெருமுனைகளிலும் மாட்டப்பட்டிருந்தது. அலைதலைப் பற்றிய படைப்புகளில் இந்தக் கட்டுரை பெறும் இடம் மிகக் குறைவு. தெபோரின் அம்புக்குறிகளைவிட இதிலிருந்தே மாணவர் கூடுதலாகக் கற்கலாம். கிழிந்த சுவரொட்டிகளோ அந்தப் போரையும் தம்மையறியாமல் சேமித்துவைத்திருந்தன. ஹேன்சும் வில்க்ளேயும் தாங்கள் சேர்த்த அரசியல் சுவரொட்டிகளை 1961இல் ‘கிழிந்த பிரான்ஸ்’ என்ற தலைப்பில் காட்சிக்கு வைத்தபோது, அல்ஜீரியாவைப் பற்றிய முழக்கங்களும் அவற்றை வெறுத்துக் கிழித்த கைகளின் தடமும் ஒரே பரப்பில் தெரிந்தன.

1969ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில், அமெரிக்க அதிபர் நிக்சன் பாரிசுக்கு வந்திருந்த சமயத்தில், சுரங்க ரயில் நிலைய நடைபாதைச் சுவரில் அவருடைய பெயர் விசித்திரமாக எழுதப்பட்டிருப்பதை வில்க்ளே கண்டார். பழைய சோசலிஸ்ட் கட்சியின் மூன்று அம்புகள், தெகோல் ஆதரவாளர்களின் இரட்டைக் குறுக்குச் சிலுவை, நாஜிகளின் சுவஸ்திகா, வட்டத்துக்குள் அமைந்த கெல்ட்டியச் சிலுவை ஆகியவை எழுத்துகளின் இடத்தில் நின்றன. எழுதியவர் யாரென்று தெரியாத அந்த ஐந்தெழுத்திலிருந்து தொடங்கி, அரசியல் சின்னங்களாலான ஒரு முழு அகரவரிசையை அவர் உருவாக்கி, 2022இல் இறக்கும்வரை அதில் எழுதிக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் அவர் முழுமையாக அதன்பக்கம் திரும்பியதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. பாரிசின் விளம்பரங்கள் சிறிது சிறிதாகக் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் போய்விட, கிழிந்த சுவர்களைத் தேடி அவர் பிற ஊர்களுக்குச் செல்லவேண்டியதாயிற்று. 2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் அந்தச் சேகரிப்பையே நிறுத்திக்கொண்டார்.

இன்று இப்பொருளை எடுத்துக்கொள்ளும் மாணவர் முன்னால் இருப்பது சில விநாடிக்கொருமுறை மாறும் மின்திரைப் பலகை. அதைக் கிழிக்க முடியாது. அதில் அடுக்குகள் சேர்வதில்லை. நேற்று அங்கே என்ன இருந்தது என்பதற்குத் தடயமும் இல்லை. தெருப்பெயர்ப் பலகையைக் கழற்றி எடுத்துவருவது திருட்டு. ஆனால் மின்கம்பத்தில் ஒட்டிய ‘வாடகைக்கு’ அறிவிப்பு, பெயர் மாறிய தெருவில் பழைய பெயரையே தாங்கி நிற்கும் கடைப்பலகை, சுண்ணாம்பு அடித்த பிறகும் அடியிலிருந்து மேலெழும் பழைய எழுத்து ஆகியவை இன்னும் கைக்கெட்டும் தூரத்தில்தான் உள்ளன. அவற்றுள் எதை எடுத்தாலும், எந்தத் தெருவில், எந்த நாளில், யார் நடக்கக்கூடிய நேரத்தில் அது கண்டெடுக்கப்பட்டது என்ற விவரத்தைப் படைப்பின் பெயரிலேயே பதிவுசெய்யும் வில்க்ளேயின் வழக்கத்துக்குச் செலவு எதுவும் இல்லை.