வெர்னரின் இருவகை இணைதிறன்: அணைவுச் சேர்மங்களுக்கு ஓர் அறிமுகம்

மேல்நிலை வகுப்பு வேதியியலில் அணைவுச் சேர்மங்கள் பெரும்பாலும் வரையறைகளாகவே அறிமுகமாகின்றன. மைய உலோக அயனி, ஈனி, அணைவு எண் ஆகியவற்றை மாணவர் மனனம் செய்கின்றனர். இச்சொற்கள் எச்சிக்கலைத் தீர்க்கப் பிறந்தன என்பதோ மறைந்துவிடுகிறது.

கோபால்ட் டிரைகுளோரைடு அம்மோனியாவுடன் சேர்ந்து பல சேர்மங்களைத் தருகிறது. 6 அம்மோனியா கொண்டது மஞ்சள், 5 கொண்டது கருஞ்சிவப்பு, 4 கொண்டது பச்சை. மூன்றிலும் குளோரின் அணுக்கள் 3 தாம். எனினும் அவற்றின் கரைசல்களில் சில்வர் நைட்ரேட்டைச் சேர்த்தால், முறையே 3, 2, 1 குளோரைடு அயனிகளே உடனடியாக வீழ்படிவாகின்றன. எஞ்சியவை ஏன் வெளிவரவில்லை?

1893இல், தம் 26ஆம் அகவையில், ஆல்பிரட் வெர்னர் இதற்கு விடை கூறினார். உலோகத்திற்கு இருவகை இணைதிறன்கள் உள்ளன. முதன்மை இணைதிறன் அதன் ஆக்சிஜனேற்ற எண்ணைக் குறிக்கும். எதிரயனிகளால் நிறைவு பெறும். இரண்டாம் நிலை இணைதிறன் அணைவு எண்ணைக் குறிக்கும், திசை சார்ந்தது. கோபால்ட்டிற்கு இது 6. ஓர் அம்மோனியா விலகினால் அவ்விடத்தைக் குளோரைடு ஒன்று நிரப்பியாக வேண்டும். அக்குளோரைடு இருவகை இணைதிறன்களையும் ஒருங்கே நிறைவு செய்கிறது. ஆகவே அயனியாகப் பிரிவதில்லை. மாணவர் இடறுவது இங்கேதான். சதுர அடைப்புக்குறி வெறும் எழுத்துமரபு அன்று. அது சோதனையின் பதிவு. ஈனி தன் தனி இரட்டை எலக்ட்ரான்களை உலோகத்திற்கு ஈகிறது என்னும் இன்றைய விளக்கம் பின்னர் வந்தது.

ஆறு ஈனிகளும் எவ்வாறு அமைந்துள்ளன? சமதள அறுகோணமாகவோ முக்கோணப் பட்டகமாகவோ இருப்பின், 4 அம்மோனியா கொண்ட சேர்மத்திற்கு 3 மாற்றியங்கள் வேண்டும். எண்முகியாயின் 2 போதும். பச்சை மாற்றியம் முன்பே அறியப்பட்டிருந்தது. ஊதா மாற்றியத்தை வெர்னர் 1907இல் தயாரித்தார். மூன்றாவது கிட்டவில்லை. ஆனால் கிட்டாமை சான்றாகாது என்னும் மறுப்பு நியாயமானதே. எனவே 1911இல், எத்திலீன்டைஅமீன் கொண்ட கோபால்ட் அணைவை ஒன்றற்கொன்று ஆடிப்பிம்பமான இரு வடிவங்களாக அவரது ஆய்வகம் பிரித்தது. எண்முகி அமைப்பு எதிர்பார்த்தது இதனையே.

1913இல் நோபல் பரிசு கிடைத்த பின்னும் ஐயம் ஓயவில்லை: ஒளியைச் சுழற்றுவது எத்திலீன்டைஅமீனில் உள்ள கார்பனாக இருக்கலாமே! 1914இல் கார்பன் அணு ஒன்றேனும் இல்லாத கோபால்ட் அணைவையும் வெர்னர் அவ்வாறே பிரித்துக் காட்டினார்.